கொள்ளிக்கு எழுதிக்கொடுத்த ஜோலி

ஆறுச்சாமிக்குப் பால் தெளித்துவிட்டு வந்தவர்களின் வேட்டி ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் அவன் அண்ணன் காளி பேச்சை ஆரம்பித்துவிட்டார். அந்த மனுசருக்குப் பொறுமை என்பது என்றைக்குமே கிடையாது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர். தோளில் ஏற்றியதை எங்கேயாவது இறக்கினால்தான் அவருக்கு மூச்சு வரும். அன்றைக்கும் அப்படித்தான், துக்கம் கேட்க வந்தவர்கள் எதிரிலேயே இறக்கிவைத்தார். கொள்ளி வைத்தவன் என் மகன் செல்லதுரை, அதனால் தம்பியின் ஜோலி இனி அவனுக்குத்தான் என்றார்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆறுச்சாமியின் பெண்டாட்டி ராமாத்தாளே மறுத்துப் பேசவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் தலையை மட்டும் ஒரு தரம் நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. அது முனிசிப்பாலிட்டியில் தெருக் கூட்டுகிறவர்கள் குடியிருக்கும் லைன். அவர்களுடைய அப்பன்மாரும் தாத்தன்மாரும் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள். அங்கே யாருக்கும் நிலமோ தோப்போ கிடையாது. ஒருவன் செத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான், அவனுடைய ஜோலி. வேலையில் இருக்கும்போதே செத்துப்போனால் அந்த வேலையை அதே வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். ஜோலியோடு லைனில் ஒற்றை அறையும் சேர்ந்து வரும். ஜோலி போனால் அறையும் போகும். காலங்காலமாக மகன்தான் கொள்ளி வைத்தான், மகனுக்குத்தான் ஜோலி கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்ததால், கொள்ளி வைத்ததற்குத்தான் ஜோலி கிடைக்கிறது என்று லைன் முழுவதும் நம்பிவிட்டது. ஆபீஸ் சட்டம் வேறு, சுடுகாட்டுச் சட்டம் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே அதுவரை வரவில்லை.

ஆறுச்சாமிக்கு மகன் இல்லை. துளசி என்று ஒரே பெண், மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அதனால்தான் அண்ணன் மகன் வந்து கொள்ளி வைத்தான், அதனால்தான் வினையும் வந்தது.

இதில் லைனுக்கே தெரிந்த இன்னொரு சங்கதியும் உண்டு. மூன்று வருஷமாக ஆறுச்சாமி தெருவில் தொடப்பத்தைப் போட்டதே இல்லை. அவனுக்கு இளைப்பு. குஜராத்தி ரோட்டிலிருந்து படகுத்துறைவரைக்கும் அவன் கூட்டவேண்டிய பாட்டை. மிளகும் மிளகாயும் சுக்கும் அள்ளுகிற தெருக்கள் அவை. அந்தத் தூசியில் நல்ல நெஞ்சே நாலு தரம் தும்மும், அவன் நெஞ்சு எங்கே தாங்கும்? அதனால் லைனில் பல பேர் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். விடிகாலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில் ஆறுச்சாமி போய் நின்று குரல் கொடுப்பான். பிறகு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். ராமாத்தாள் தெருவைக் கூட்டி, குப்பையை வண்டியில் அள்ளித் தள்ளிக்கொண்டு போவாள். பேர் கூப்பிட்டுப் பதிவேட்டில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போடுகிற மேஸ்திரி வெங்கிடாசலம் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். லைனுக்குப் பெரிய மனுசரும் அவர்தான். நல்லது கெட்டது எல்லாம் அவர் முன்னால்தான் பேசித் தீர்ப்பார்கள்.

காளி சும்மா இருக்கவில்லை. மூட்டைக்குப் போகாமல் ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். கையில் ஒரு முத்திரைத்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆறுச்சாமி எழுதிவைத்த உயில் அது. அதைப் பார்த்த குமாஸ்தா முதலில் படித்தாராம், பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாராம், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்களாம். வேலை என்ன இவன் வீட்டு எருமையா, யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்க? வேலை முனிசிப்பாலிட்டியுடையது. செத்தவனுடைய பெண்டாட்டிக்கு முதல் உரிமை, அவளுக்கு வேண்டாமென்றால் பிள்ளைக்கு. இந்தப் பையனை மகனாக வளர்த்தோம், இவனுக்கே கொடுங்கள் என்று பெண்டாட்டி சம்மதபத்திரம் எழுதி ஒப்புப் போட்டுக் கொடுத்தால் வேண்டுமானால் மேலே அனுப்பிப் பார்க்கலாம். அவ்வளவுதான் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு காளிக்கு உறைக்கவே இல்லை. ஒரு ஒப்புதானே, வாங்கிவிட்டால் போகிறது என்று நேரே லைனுக்கு வந்தார். கூடவே செல்லதுரையும் வந்தான்.

ராமாத்தாள் அப்போது வாசலில் உட்கார்ந்து பக்கத்து அறை சரோஜம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். சரோஜம்மாவும் தெருக் கூட்டுகிறவள். புருசன் இல்லாமலேயே பல வருஷம் ஓட்டிவிட்டவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். மூத்தாரைக் கண்டதும் ராமாத்தாள் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவளும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். கொள்ளி வைத்தவனுக்கு ஜோலி என்பதை அவளும் நம்பினவள்தானே. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். ஜோலி அவனுக்குப் போனால் அறையும் போய்விடுமே, நானும் புள்ளையும் எங்கே போவது என்றாள்.

காளி பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"உன்னய ஆரு போகச் சொன்னா? நீ இங்கயே இரு. செல்லதுரைக்கு இடப்பள்ளில லாரிப் பட்டறைல ஜோலி இருக்குது, அவனால தெருக் கூட்ட முடியுமா? பேர் கூப்புடறப்ப வந்து நின்னுட்டுப் போயிருவான். தெருவ நீ எப்பவும் போலக் கூட்டு. சம்பளத்த அவன் வாங்கிட்டு உனக்குச் சாப்பாட்டுக்கு என்ன வேணுமோ குடுப்பான். உனக்கு ஒரு கொறையும் வராது."

அந்த இடத்தில்தான் ராமாத்தாளுக்கு எங்கோ சுருக்கென்றது. இளைத்து இளைத்துக் கிடந்த புருசனுக்காகக் கூட்டினாள், சரி. அது அவள் வீட்டுக் கஷ்டம். கல் மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு இடப்பள்ளியில் ஏற்கெனவே ஒரு சம்பளம் வாங்குகிறவனுக்காக அவள் ஏன் கூட்டவேண்டும்? வாழ்நாள் முழுக்கக் கூட்டிவிட்டு, அரிசிக்கு அவன் வாசலில் ஏன் நிற்கவேண்டும்?

"பேரு அவனுக்கு, தொடப்பம் எனக்குங்களா மாமா?" என்று கேட்டாள்.

காளிக்கு முகம் மாறிவிட்டது. இது நானாகச் சொல்லவில்லை, உன் புருசனே எழுதிவைத்தது என்று முத்திரைத்தாளை விரித்தார். அவருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, செல்லதுரையிடம் நீட்டினார். அவன் திக்கித் திக்கிப் படித்துத் தமிழில் சொன்னான். எனக்கு ஆண் வாரிசு இல்லாததாலும், என் அண்ணன் மகன் செல்லதுரை எனக்குக் கொள்ளி வைத்துக் கருமாதி செய்வதாக வாக்குக் கொடுத்திருப்பதாலும், அதற்கு ஈடாக என் சைக்கிளையும் கைக்கடிகாரத்தையும் முனிசிப்பாலிட்டி ஜோலியையும் அவனுக்கே எழுதிவைக்கிறேன். கீழே ஆறுச்சாமியின் பெருவிரல் ரேகை. ராமாத்தாள் பெயரோ துளசி பெயரோ அதில் எங்கேயும் இல்லை.

என்றைக்கு எழுதியது என்று மட்டும் ராமாத்தாள் கேட்டாள். செல்லதுரை சொன்னான். திருவாதிரைக்கு மறுநாள் காலை. அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முந்தின நாள் பண்டிகைக் குப்பை தெருவெல்லாம் மலையாகக் கிடந்தது. புருசனுடைய பாட்டையைக் கூட்டிவிட்டுக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. அவனுடைய வேலை போய்விடக்கூடாது என்று அவள் அங்கே குனிந்து கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான், அந்த மனுசன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அதே வேலையைத் தாரைவார்த்துக் கொடுத்திருக்கிறான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று மூத்தாரை அனுப்பிவைத்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்தவன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள், அவள் பட்டாள். மூன்று வருஷம் உன் தெருவைக் கூட்டினேன், உன் எச்சிலை அள்ளினேன், உன் முதுகைத் தடவித் தடவி என் கை மரத்துப்போனது. உன் உடம்பு வேகிற ஒரு நாழிகைக்காக எங்கள் இரண்டு பேருடைய சோற்றையும் விலைபேசி விற்றாயே என்று வாய்விட்டே திட்டினாள். சரோஜம்மா தடுக்கவில்லை. ஆம்பளைகளுக்குச் சாவுக்குக்கூடப் பயமில்லை, கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் போவதுதான் பயம், அந்தப் பயத்தை உன் மூத்தார் நல்லா மோப்பம் பிடித்துவிட்டார் என்றாள். நீ போய் ஆபீஸில் கேள் என்றும் சொன்னாள்.

ராமாத்தாள் போனாள். குமாஸ்தா காளிக்குச் சொன்னதையேதான் அவளுக்கும் சொன்னார். நீ ஒப்புப் போடாதவரை உன்னை யாராலும் அசைக்க முடியாது என்பதை மட்டும் கூடுதலாகச் சொன்னார். அவள் அங்கேயே, தன் பெயருக்கே வேலை வேண்டும் என்று மனு எழுதச்சொல்லி ரேகை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கருமாதி நாள் வந்தது. லைன் நடுவில் பந்தல் போட்டிருந்தது. காளி குடியிருக்கும் சுள்ளிக்கல்லிலிருந்து அவருடைய ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். சடங்கெல்லாம் முடிந்தது, இலை போடவேண்டியதுதான் பாக்கி. காளி எழுந்து நின்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு விஷயம் முடிவாகவேண்டும் என்றார். சம்மதபத்திரத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். மைப்பெட்டியும் கையில் இருந்தது. ஆபீஸில் அவள் மனுக் கொடுத்துவிட்ட சேதி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. லைன் வழக்கத்தைக் காலில் போட்டு மிதித்துவிட்டாள் என்று வெங்கிடாசலத்திடம் முறையிட்டார்.

வெங்கிடாசலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கெட்ட மனுசர் இல்லை, ஆனால் வழக்கம் என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்கிற சிரமம் எடுத்துக்கொள்ள மாட்டார். கொள்ளி வைத்தவனுக்குத்தானம்மா ஜோலி, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தானே, மேலும் உன் புருசனே எழுதிவைத்திருக்கிறான், பெரியவர்கள் பேச்சைத் தட்டாமல் ரேகையை வைத்துவிடு என்றார்.

ராமாத்தாள் உள்ளே போனாள். அழுதுகொண்டு போகிறாள் என்று பலர் நினைத்தார்கள். அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பந்தல் காலில் சாய்த்து நிறுத்திவிட்டு, மடியிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்துச் செல்லதுரையின் கையில் வைத்தாள்.

"இது ரெண்டும் அவரு சம்பாதிச்ச சாமான். உனக்கு எழுதிவெச்சாரு, எடுத்துக்க. ஜோலி அவரு சாமானில்ல தம்பி. அத எழுதிவெக்க அவருக்குப் பாத்தியம் இல்ல. நீ கொள்ளி வெச்சதுக்கு என் வீட்டுல எப்ப வந்தாலும் உனக்கு ஒரு வாய் சோறு உண்டு. என் தெருவ மட்டும் கேக்காத."

செல்லதுரை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அவனுக்கு அவ்வளவு போதும் போலத்தான் இருந்தது. அவனுடைய அப்பாவுக்குத்தான் போதவில்லை. காளி குரலை உயர்த்தினார். என் தம்பி மூன்று வருஷமாகத் தெருவில் இறங்கவே இல்லை, பேருக்கு அவனும் வேலைக்கு இவளுமாக ஆபீஸையே ஏமாற்றினார்கள், நாளைக்கே போய்ச் சொல்கிறேன், யாருக்கும் ஜோலி இல்லாமல் போகட்டும் என்றார்.

ராமாத்தாள் அவரைப் பார்க்காமல் வெங்கிடாசலத்தைப் பார்த்தாள்.

"சொல்லட்டுங்க மேஸ்திரியண்ணா. நானும் கூடப் போய்ச் சொல்றேன். மூணு வருசமா அவரு கூட்டல, நாந்தான் கூட்டுனேன். அவரு பேருக்கு நேரா தெனமும் ஒப்பு போட்டது ஆருன்னு கேப்பாங்க. அதையும் சொல்றேன்."

வெங்கிடாசலம் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். லைனில் பாதி ஆம்பளைகளின் பெண்டாட்டிமார்தான் தெருவைக் கூட்டுகிறார்கள். ஒரு நூலை இழுத்தால் மொத்தத் துணியும் பிரிந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாதா? காளியிடம் திரும்பி, ஆபீஸ் பேச்சை இங்கே எடுக்காதே, அது நம் எல்லோர் தலையிலும் விடியும் என்று அதட்டினார். சமையல் பக்கம் நின்ற பெண்கள் மத்தியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அது சரோஜம்மாவாகத்தான் இருக்கும்.

சிரிப்பைக் கேட்டதும் காளிக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. மிச்சம் வைத்திருந்ததையும் எடுத்து வீசினார். நிதானமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சரி, ஜோலிய நீயே வெச்சுக்க. ஆனா இன்னியோட என் வீட்டுக்கும் உனக்கும் ஒண்ணுமில்ல. உனக்கும் ஒரு நாள் சாவு வரும் ராமாத்தா. என் மகன் வரமாட்டான். என் வம்சத்துல ஒருத்தனும் வரமாட்டான். உனக்கு ஆரு கொள்ளி வெப்பா? அனாதப் பொணமாத்தான் போவே."

சிரித்த பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். லைனில் அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. வாழ்கிறபோது எத்தனை கேவலப்பட்டாலும், போகிறபோது சொந்தத்தில் ஒருவன் தீச்சட்டி பிடித்து முன்னால் நடக்கவேண்டும் என்பதுதான் அங்கே எல்லோருக்கும் ஒரே ஆசை. ஆறுச்சாமி பெருவிரலை மையில் தொட்டதும் அந்த ஆசையில்தான். விட்டுக்கொடுத்துவிடு தாயே என்று ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார். காளி மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கமாக நீட்டினார்.

ராமாத்தாளுக்கும் பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயத்தை வைத்து ஒருவனை ஏற்கெனவே அவர்கள் வாங்கிவிட்டார்கள், அதே காசுக்கு இன்னொருத்தியையும் வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிற்கிற இடத்திலிருந்து நகரவில்லை. மறுபடியும் வெங்கிடாசலத்தைத்தான் கேட்டாள்.

"மேஸ்திரியண்ணா, இந்த ஊருல ஆளில்லாத பொணத்த ஆரு எரிக்கறது?"

அவர் வாயைத் திறக்கும் முன்னால் அவளே சொன்னாள்.

"படகுத்துறைல ஒதுங்குனது, ஆசுபத்திரில ஆரும் கேட்டு வராதது, பாலத்தடில செத்துக் கெடந்தது. வண்டில எடுத்துப் போட்டுத் தள்ளிட்டுப் போறது நம்ம லைன் ஆளுங்கதானுங்களே? தீ வெக்கறது நீங்கதானுங்களே? எந்த ஊரு, என்ன பேருன்னு தெரியாத எத்தன பேருக்கு வெச்சிருப்பீங்க. கூடவே ஜோலி பாத்த எனக்கு வெக்க மாட்டீங்களா?"

வெங்கிடாசலம் தலையைக் குனிந்துகொண்டார். லைனில் அவர் கையால் வெந்த அனாதைகளை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அதை யாரும் அவரிடம் ஒரு பெருமையாகப் பேசியதில்லை. நாற்றம் பிடித்த வேலை, யார் தலையிலாவது விடியவேண்டிய வேலை என்றுதான் அவரே நினைத்திருந்தார்.

"வெப்பேன்" என்றார். "நான் இருந்தா நான் வெப்பேன். நான் இல்லாட்டி இந்த லைன்ல இருக்கறவன் வெப்பான்."

பிறகு காளியைப் பார்த்துத் தாளை மடித்து உள்ளே வைக்கச் சொன்னார். காளி நீட்டிய மைப்பெட்டியை எப்படித் திரும்ப இழுப்பது என்று தெரியாமல் நின்றார். ராமாத்தாளே அதன் மூடியைச் சாத்தி அவர் கையில் அழுத்திவைத்தாள்.

"சாவறப்ப ஆரு வேணா வரட்டுங்க மாமா. சாவற வரைக்கும் பேர் கூப்புட்டா நாந்தான் குரல் குடுப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு, இலை போடலாம் என்று பந்தலைப் பார்த்துச் சொன்னாள்.